காலைக் குரல்

வேலம்மாளின் குரல் மூவாயிரம் ரூபாய்க்கு விலை போனது. அவள் கேட்டது ஐயாயிரம், அவர்கள் ஆரம்பித்தது ஆயிரத்து ஐந்நூறு. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் பதினாறு வருஷமாகப் பூ விற்கிறவளுக்கு இது புதுச் சரக்கு. விற்ற பிறகும் கையிலேயே இருக்கும், சாயங்காலம் வாடாது. இது தெரியாமல் இத்தனை நாள் மல்லிகையோடு மல்லுக்கட்டினோமே என்று கொஞ்சம் வருத்தம்கூட வந்தது.

வாங்கியவர்கள் இரண்டு பேர். கைலாசபுரத்துப் பெண் சுபஸ்ரீ, கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் வைத்துக் கலை செய்பவள். ஆசீர், அவள் நினைப்பதை மெஷினுக்குப் புரிய வைப்பவன். செல்போன் ஆப்பிடம் கேட்ட விலையைக் கொடுக்கிறவர்கள் பூக்காரியிடம் மட்டும் ஏன் பேரம் பேசுகிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. அதற்காக, வேலம்மாளின் குரலில் தானாகப் பேரம் பேசும் ஏ.ஐ. கூடை ஒன்றைத் தில்லைநகர் ஹாலில் வைப்பார்கள். பேரம் படிந்தால் கூடை சீட்டு அடித்துத் தரும். சீட்டோடு வேலம்மாளிடம் போய், பேசிய விலைக்கு ஒரு முழம் வாங்கிக்கொள்ளலாம்.

"விலைய நான் சொல்வேனா, அது சொல்லுமா?"

"அதுதான்க்கா. ஆனா நீங்க பேசறதக் கேட்டுத்தான் கத்துக்கும்," என்றாள் சுபஸ்ரீ.

"அப்ப சரி. நான் லேசுல எறங்க மாட்டேன்."

பத்து நாள், விடிந்தும் விடியாமலும் வந்து மைக் வைத்தார்கள். முதல் வியாபாரம் முடிந்ததுமே பஸ் ஹாரன் ஆரம்பித்துவிடும். உடனே ஆசீர் மைக்கைச் சுருட்டிக்கொள்வான். பத்து நாள், பத்து பேரம்.

சனிக்கிழமை கண்காட்சி திறந்தது. ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று சீட்டு வந்தது. முழம் நாற்பது விற்கிற பூவுக்கு எல்லாச் சீட்டிலும் பத்து ரூபாய். வரிசையில் முதலில் நின்றவர் பத்துக்கு வாங்கியதைப் பார்த்துப் பின்னால் நின்றவர்களும் பத்தே கேட்டார்களாம்.

வாடிக்கைக்காரி பிரேமலதா டீச்சரும் ஒரு சீட்டோடு வந்தார்.

"ஆறு வருஷமா என்கிட்ட நாப்பது வாங்கினியே வேலம்மா! இனிமே பத்துதான்."

"அது நான் இல்லைங்க டீச்சர், மெஷினு."

"குரல் உன்னோடதுதானே?"

மூவாயிரம் வாங்கிய வாயால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. தன் குரல் ஒத்துக்கொண்ட விலைக்கே இருபத்து மூன்று முழத்தையும் அளந்து கொடுத்தாள். முழத்துக்கு முப்பது நஷ்டம், ஆக அறுநூற்றுத் தொண்ணூறு. அதைவிடப் பெரிய நஷ்டம், நாளைக்கு ரோடே பத்து ரூபாய்க்குக் கேட்குமே.

திங்கட்கிழமை இருபத்து மூன்று முழத்தைப் பையில் போட்டுக்கொண்டு, டவுன் பஸ் ஏறித் தில்லைநகர் ஹாலுக்குப் போனாள்.

"நாப்பது ரூவா," என்றது கூடை, அவள் குரலில், அவள் மிடுக்கோடு.

"பத்து."

"மொத போணி, திருப்பி அனுப்ப மனசு வரல. எடுத்துக்கங்க."

வேலம்மாள் தன் குரலை முறைத்துவிட்டு ஆசீர் பக்கம் திரும்பினாள். "தம்பி, காலையில வர்ற மொத ஆள வெறுங்கையோட அனுப்பினா அன்னைக்கு ஏவாரம் ஓடாது. அதான் கேட்ட விலைக்குக் குடுக்கறேன். ரெண்டாவது ஆள்கிட்ட நான் பேசினது எங்க?"

"அத ரெக்கார்டே பண்ணலைக்கா," என்றான் ஆசீர்.

"அதான். இதுக்கு வர்றவன் எல்லாம் மொத ஆளு."

சுபஸ்ரீயின் கண் மின்னியது. "அக்கா, இதுவே ஒரு பெரிய கருத்து!"

"கருத்த நீ வச்சுக்க பாப்பா. நஷ்டம் என்கிட்ட இருக்கு."

கூடையோடு இன்னும் இருபத்து இரண்டு தடவை பேரம் பேசினாள். ஒவ்வொரு தடவையும் அது போணி செய்தது. சீட்டுகளை அடுக்கி மேஜையில் வைத்தாள். "இந்தாங்க எரநூத்தி முப்பது. பூவக் குடுங்க."

"எங்ககிட்ட ஏதுக்கா பூ?"

"கடை போட்டுட்டுப் பூ இல்லன்னா எப்படி? என்கிட்ட வாங்கிக் குடுங்க. முழம் நாப்பது."

தொள்ளாயிரத்து இருபதைச் சுபஸ்ரீ கொடுத்தாள். பை அவள் கைக்குப் போய், அப்படியே வேலம்மாள் கைக்குத் திரும்பியது. உள்ளே இருந்த பூவுக்கு விஷயமே தெரியாது.

கிளம்பும்போது வேலம்மாள் கூடையின் பிளக்கைப் பிடுங்கினாள்.

"சாயங்காலம் வந்து புதுசா ரெக்கார்ட் பண்றோம்க்கா," என்றாள் சுபஸ்ரீ.

"வாங்க. ஆனா சாயங்காலக் குரல் ஆறாயிரம்."

"நாலாயிரம்?"

"காலையில கேட்டிருந்தா குடுத்திருப்பேன்."

மறுநாள் டீச்சர் பத்து ரூபாயை நீட்டினார். மெஷின் கடை மூடியாச்சு என்றாள் வேலம்மாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே டீச்சர் நாற்பது கொடுத்தார்.

காலைக் குரல் வகையில் வரவு மூவாயிரம். சீட்டு வகையில் போனது அறுநூற்றுத் தொண்ணூறு, வந்தது அறுநூற்றுத் தொண்ணூறு. சாயங்காலக் குரல் ஆறாயிரம். சுபஸ்ரீ தந்த முன்பணம் ஐந்நூறு போக, பாக்கி ஐயாயிரத்து ஐந்நூறு.