மூணு பேர்னு போடு

பதினாலு மாதமாக நான் என் அப்பா வீட்டுக்கு 'வந்திருக்கிறேன்'. எதிர்வீட்டு குணசுந்தரி அக்கா கேட்டாலும் சரி, பால்காரர் கேட்டாலும் சரி, அப்பா சொல்வது ஒன்றுதான்: "பெரியவ வந்திருக்கா. ஆடி முடிஞ்சதும் போயிடுவா." எந்த வருஷத்து ஆடி என்று யாரும் கேட்டதில்லை. தேசூரில் என் புருஷன் ஜெயவேல் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துவது ஆரணிக்கே தெரியும்.

இதற்கு நடுவில் என் தங்கை காவ்யாவுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. ஃபீஸ் கட்ட ஒரு டிரஸ்ட் இருந்தது. அவர்களுக்கு ஒரு கணக்கு. போனில் ஊரையும் ஆள் எண்ணிக்கையையும் தட்டினால், அந்தக் குடும்பம் ஒரு மாதத்தை ஓட்ட எவ்வளவு வேண்டும் என்று அதுவே சொல்லும். வருமானம் அதைவிடக் குறைவாக இருந்தால்தான் உதவி.

காவ்யா கடைக்குப் போயிருந்தாள். நான்தான் தட்டினேன். ஊர், ஆரணி. எத்தனை பேர்?

"மூணு பேர்னு போடு," என்றார் அப்பா, தறியை விட்டு எழாமலே.

"நானும் எம் பொண்ணு தேவிப்ரியாவும்?"

"கட்டிக் குடுத்த பொண்ண எந்த வூட்லமா சேப்பாங்க? நீ வந்திருக்க. பேஜார் பண்ணாம மூணுன்னு போடு."

முதலில் அஞ்சு என்று தட்டிப் பார்த்தேன். இருபத்திரண்டாயிரம் வேண்டும் என்றது. மூணுக்குப் பதினைந்தாயிரத்து எண்ணூறு. எங்கள் வருமானம் பத்தொன்பதாயிரம். நான் நூல் சுற்றிச் சம்பாதித்ததும் அதில் சேர்த்தி. என் கூலி மட்டும் அந்த வீட்டு ஆள் போலிருக்கிறது!

"அஞ்சுன்னே போடட்டுங்க, சின்னதோட படிப்பாச்சே," என்றாள் அம்மா.

அப்பா தறியை நிறுத்தினார். "எழுதிக் குடுத்துட்டா அப்புறம் அவன் கூப்புடுவானா? அதையே சாக்கா வச்சிகினு கழட்டி வுட்டுடுவான்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கும் அந்த நப்பாசை கொஞ்சம் இருந்தது. மூணு என்று போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பதில் வந்தது: மாதம் மூவாயிரத்து இருநூறு மிச்சம், உதவி தேவையில்லை. என்ன மிச்சம், எங்கே இருக்கிறது என்று போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. காவ்யா அழுதுகொண்டே ஆட்சேபம் எழுதிப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை டிரஸ்டிலிருந்து வின்சென்ட் சார் வீட்டைப் பார்க்க வந்தார். சரியாகச் சாப்பாட்டு நேரம். தரையில் அஞ்சு தட்டு. அவர் தட்டுகளைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"மூணு பேர்னு இருக்குதே, ஐயா?"

எதிர்வீட்டு அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றிருந்தாள். 'வந்திருக்கா' என்று அப்பா ஆரம்பிப்பார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அஞ்சு பேர் சார்," என்றார் அப்பா. தெருவுக்கே கேட்கிற குரல். "என் பெரிய பொண்ணும் பேத்தியும் இங்கதான் இருக்காங்க. அவன் வுட்டுட்டான். இனிமே அவ எங்கியும் போவ மாட்டா."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே பதினாலு மாதம் காத்திருந்தேன்!

வின்சென்ட் சார் மெதுவாகக் கேட்டார்: "ரேஷன் கார்டு காட்டுங்க."

கார்டிலும் மூணு பேர்தான். நானும் குழந்தையும் இன்னும் தேசூர் கார்டில் இருக்கிறோம்.

"அங்க பேர நீக்கி இங்க சேத்துகினு வந்தா பண்ணலாங்க."

"எத்தினி நாளாவும் சார்?"

"அவரு ஒத்துகினா ஜல்தி ஆவும். ஆனா வெள்ளிக்கிழமையோட லிஸ்ட முடிச்சிடறாங்க. நீங்களே மூணுன்னு அனுப்பிட்டீங்களே ஐயா, என் கையில ஒண்ணும் இல்ல."

அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். ஜெயவேலுக்கு அப்போதே போன் போட்டேன். மூன்று முறை கட் பண்ணினான். நாலாவது முறை போன் ஆஃப்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. காவ்யா எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தாள்.

"மூணுன்னு போட்டு அனுப்புனது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். பிறகு போனை மடியில் கவிழ்த்து வைத்தேன்.

"நான்தான்," என்றார் அப்பா.

அப்பாவுக்குப் போனில் பேசத் தெரியும், பச்சையை அமுக்கினால் போதும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அது காவ்யாவுக்கும் தெரியும். அவள் என் தட்டை இழுத்து, சோற்றைப் போட்டு, என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போனாள்.