ஸ்கோர் பட்டைமேல் நடந்தவர்

மேட்ச் பார்க்கும்போது ஓவர் முடிந்ததும், ரன்னும் விக்கெட்டும் காட்டுகிற பட்டைமேல் ஏதாவது ஒரு பொம்மை ஏறி வந்து எதையாவது விற்றுவிட்டுப் போகுமே, அந்தப் பொம்மைகளை நடக்க வைப்பதுதான் என் பிழைப்பு. ஊரே திட்டுகிற வேலை. என் வீட்டுக்காரர்கூட ரிமோட்டை ஆட்டித் திட்டுவார். பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பது நினைவு வந்ததும் இருமுவார்.

இந்தத் தடவை இறுதி ஆட்டத்துக்கு ஒரு மெத்தை கம்பெனி விளம்பரம் வந்தது. பொம்மைக்குப் பெயர் பஞ்சு. உருண்டை உடம்பு, குட்டைக் கால், மொட்டைத் தலை. பஞ்சு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்கோர் பட்டைமேல் தள்ளாடி வருவார், மெத்தையில் படுப்பார், எழுந்து ஜோராக நடந்து போவார். அவ்வளவுதான் கதை. இதுவரை யாரோ செய்த பொம்மைக்கு நிழல் போடுவது, யாரோ எழுதிய எழுத்துக்கு மினுக்குக் கொடுப்பது என்றே என் காலம் போய்க்கொண்டிருந்தது. முதல் தடவையாக ஒரு பொம்மையை முழுசாக என் கையில் கொடுத்திருந்தார்கள். சந்தோஷத்தில் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொம்மை செய்ய வேண்டியதை முதலில் ஒரு மனிதர் செய்து காட்ட வேண்டும். அதைப் போனில் பிடித்துவைத்து, நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பொம்மையை அசைக்க வேண்டும். அதனால் எங்கள் ஆபீசில் கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் மேஜைமேலிருந்து தவளை மாதிரித் தாவுவதெல்லாம் சாதாரணம். கூரியர் கொண்டுவருபவர் மட்டும் உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பார்.

இடுப்பு வலி நடையைத் தேடி நான் அலையவில்லை. வீட்டிலேயே இருந்தது. என் மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரை எல்லாம் மேலே ஏற்றிவிட்டுத் தன் இடுப்பைக் கீழே விட்டுவிட்டதாகச் சொல்வார்.

"மாமா, விளம்பரத்துக்குக் கொஞ்சம் நடந்து காட்டறீங்களா? கவலைப்படாதீங்க, முகம் வராது."

"முகம் ஏன் வராது?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

ஆனாலும் நடந்தார். ஹாலில் நாற்காலியிலிருந்து வாசல் கதவு வரை ஒரு கையால் இடுப்பைத் தாங்கி, மறு கையால் சுவரைத் தடவி, ஒவ்வொரு அடிக்கும் முனகிக்கொண்டு நடந்தார். சத்தம் தேவையில்லை என்று சொல்லியும் முனகலைக் குறைக்கவில்லை. அதை வைத்துச் செய்த முதல் பாதியைப் பார்த்து மெத்தைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

வினை இரண்டாவது பாதியில் இருந்தது. "முன்னாடி வர்ற பஞ்சு அப்படியே எங்க சித்தப்பா. எழுந்து போற பஞ்சு வெறும் பொம்மை" என்றார் மெத்தைக்காரர். 'அவர் பொம்மைதானே சார்' என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். நாளை சாயங்காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் பஞ்சுவே வேண்டாம், மெத்தைப் படத்தையும் விலையையும் போட்டுக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். வலது காலுக்கு மட்டும் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, அதையே திருப்பிப்போட்டு இடது காலுக்கு வைத்துவிட்டேன். எங்கள் ஆட்கள் அவசரத்தில் செய்கிற திருட்டுத்தனம். இரண்டு காலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒன்றுபோல நடந்தன. உயிருள்ள எவருக்கும் அப்படி நடக்க வராது.

எங்கள் டைரக்டருக்கு ஆபீசில் 'இன்னுங்கொஞ்சம்' என்று பெயர். எதைக் காட்டினாலும் அதைத்தான் சொல்வார். அவர் மறுநாள் காலையில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, "சந்தோஷமா நடங்கப்பா" என்றார். நடந்தார்கள். கணக்கர் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி நடந்தார். இன்னுங்கொஞ்சமே ஒரு தடவை நடந்தார். அதைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. போன் பார்க்கிறது என்று தெரிந்ததும் ஒருவருக்கும் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நான் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் மாமா மட்டும் இருந்தார். என் மாமியார், அதாவது அத்தை, வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. "அவ இல்லாம வீடு எவ்வளவு அமைதியா இருக்கு பாத்தியா?" என்று என்னிடம் தினமும் சொல்வார். அந்த அமைதி தாங்காமல் டிவியை முழுச் சத்தத்தில் வைத்திருப்பார். அத்தையிடமிருந்து போன் வந்தால் வாங்கமாட்டார். நாற்காலியிலிருந்தே, "நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லு" என்று கத்துவார், அத்தைக்கு நன்றாகக் கேட்கும்படி.

போனை ஹால் அலமாரியில், அடுப்படியிலிருந்து எடுத்துவந்த உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துப் பதிவை ஓடவிட்டேன்.

"மாமா, இடுப்பு வலி இல்லாத மாதிரி ஒரே ஒரு தடவை நடங்க."

"வலி இல்லாத மாதிரியா? அப்ப நான் இத்தனை நாளா நடிக்கிறேன்னு சொல்றியா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல மாமா."

"வேற எப்படிச் சொன்ன?"

ரோஷம் வந்துவிட்டது. டிவியை அணைத்துவிட்டுப் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். பேப்பர் முந்தின நாளுடையது. நான் அடுப்படிக்குள் போய்ச் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது. பஞ்சு போய்விட்டார், திரும்ப நிழல் போடுகிற வேலைதான் என்று தோன்றியது.

அப்போது லிஃப்ட் எங்கள் மாடியில் நின்றது. எனக்கு அது வெறும் சத்தம். மாமாவுக்கு அப்படியில்லை, லிஃப்ட் கதவை யார் எப்படி இழுத்துச் சாத்துவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. காலிங் பெல் அடிப்பதற்கு முன்பே அவர் எழுந்துவிட்டார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

பேப்பர் தரையில் கிடந்தது. இடது கால் செருப்பை முழுசாக மாட்டாமல் இழுத்துக்கொண்டு போனார். அதை ஈடுகட்ட வலது கால் முந்திக்கொண்டு ஓடியது. இடுப்புக்குப் போகிற கை தலைக்குப் போய், இருக்கிற நாலு முடியைப் படியவைத்தது. சுவரை அவர் கண்டுகொள்ளவே இல்லை. கதவுக்கிட்டே போனதும் நின்றார். கையைக் கொண்டுபோய் இடுப்பில் வைத்தார், முதுகை வளைத்தார், முகத்தைச் சுளித்தார், பிறகுதான் கதவைத் திறந்தார்.

"என்ன, அதுக்குள்ள வந்துட்ட?"

"உங்களைப் பாத்தா வந்திருக்கவே வேணாம்போல" என்று அத்தை பெட்டியை உள்ளே தள்ளினார். "இடுப்பு எப்படி இருக்கு?"

"எங்க, அப்படியேதான் இருக்கு."

அலமாரியில் உப்பு டப்பாவில் சாய்ந்தபடி போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் முடித்து ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போனேன். செருப்பு இழுபடுகிற இடது காலுக்குத் தனியாக, முந்திக்கொண்டு போகிற வலது காலுக்குத் தனியாக வேலை செய்திருந்தேன். முடியே இல்லாத மொட்டைத் தலையைப் பஞ்சு தடவிப் படியவைத்தபோது மெத்தைக்காரர் சிரிக்கவில்லை. திரும்பப் போடச் சொன்னார், திரும்பவும் போடச் சொன்னார். டைரக்டர் 'இன்னுங்கொஞ்சம்' வாயைத் திறந்தார். ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார். ஆபீசே கைதட்டியது, பஞ்சுவுக்கா அவருக்கா என்று தெரியவில்லை.

இறுதி ஆட்டத்தன்று வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். முதல் ஓவர் முடிந்தது. பஞ்சு இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்கோர் பட்டைமேல் வந்தார்.

"அட, இது இவருதானே!" என்று அத்தை கைகொட்டிச் சிரித்தார். மாமா தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவர்போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். பஞ்சு படுத்தார், எழுந்தார், தலையைத் தடவிக்கொண்டு விரைந்து நடந்து திரையைவிட்டுப் போனார்.

"இந்த நடை யாருது?"

"அதுவும் மாமாவோடதுதான் அத்தை."

"போடி. கல்யாணம் ஆனதிலேருந்து பாக்கறேன். இவரு எப்ப இப்படி நடந்தாரு?"

சொல்லலாமா என்று மாமாவைப் பார்த்தேன். அவர் பந்து வீச வருகிறவனை முறைத்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"நீங்க ஊர்லேருந்து வந்த அன்னிக்கு. நீங்க கதவுக்கு வெளியில நின்னுட்டிருந்தப்போ."

அத்தை அடுத்த ஓவர் முழுவதும் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது நடக்காத காரியம். ஓவர் முடிந்து பஞ்சு மறுபடியும் வந்தார். மெத்தையிலிருந்து எழுந்து போகும்வரை அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் எழுந்தார், வாசல் கதவைத் திறந்து வெளியே போனார், சாத்திக்கொண்டார்.

காலிங் பெல் அடித்தது.

"வேலையத்தவ" என்றார் மாமா. யாரும் எழவில்லை. திரும்பவும் அடித்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து எழுந்த மாமா, கையை இடுப்பருகே கொண்டுபோய், பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அந்தப் போனைக் கவுத்து வை முதல்ல."

கவிழ்த்து வைத்தேன். டிவியில் யாரோ சிக்ஸர் அடித்தார்கள், நாங்கள் ஒருவரும் திரும்பவில்லை. மாமா தலையைத் தடவிக்கொண்டு போய், இந்தத் தடவை கதவருகே நிற்காமல், நேராகத் திறந்தார்.