நாற்காலியில் ஏறிய சப்வூஃபர்

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வேலாயுதன் சார்ஜாவிலிருந்து போன் பண்ணுவான். அன்று அவன் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். அடுத்த மாதம் ஊருக்கு வருவதா, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுவதா? குன்னத்துகாலில் அவன் மனைவி ஸ்ரீகுமாரி காலையிலிருந்தே குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவனுக்கோ வேறு கவலை. நாலு வருடமாக ஆள் வரவில்லை, சாமான் மட்டும் வந்துகொண்டிருந்தது. இந்த முறை ஒரு ஸ்டீரியோவும், 'பேஸ்' என்கிற கனத்த அடிச்சத்தத்துக்கென்றே தனியாக ஒரு சப்வூஃபர் பெட்டியும். போன் வரும்போது அது முழங்க வேண்டும், நான் இங்கிருந்தே கேட்டுப் பார்ப்பேன் என்று மகாராஜா கடிதம் போட்டிருந்தார். பொருத்துவதற்கு அமரவிளையிலிருந்து ரேடியோ மெக்கானிக் கனகதாஸ் வந்திருந்தான்.

"அக்கா, அண்ணன் எங்க இருந்து பாட்டு கேப்பாரு? அதுக்குத் தக்கனயாக்கும் பெட்டிய வைக்கணும்."

அவள் ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியைக் காட்டினாள். கனகதாஸ் சப்வூஃபரைத் தூக்கி அதன்மேலேயே வைத்தான். செண்டைமேளக் கேசட்டைப் போட்டுவிட்டு, கைலியை மடித்துக்கட்டிச் சுவரோரமாகத் தவழத் தொடங்கினான்.

"இதென்ன கூத்து கனகதாசு?"

"ஆளு இருக்குற இடத்துல பெட்டிய வச்சிட்டு, நாம தரையில கேட்டுக்கிட்டே போணும். எங்க சத்தம் ஒழுங்கா கேக்கோ, அதாக்கும் பெட்டிக்க இடம். கண்ட மூலையில வச்சா வெறும் இரைச்சலு."

நியாயம்தான். ஆனால் புருஷன் உட்கார வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பெட்டி, கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து முழங்குவதை ஸ்ரீகுமாரியால் பார்க்க முடியவில்லை. எரிச்சலாக வந்தது. அழுகையும் வந்தது.

அலமாரிக்கும் வாசலுக்கும் நடுவில் இடம் அகப்பட்டது. பெட்டியை அங்கே இறக்கி, சின்ன ஸ்பீக்கர்களோடு ஒத்துப்போகும்வரை குமிழைத் திருகினான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் மேளம் நெஞ்சுக்குள் அடித்தது.

நாலு மணிக்குப் போன் வந்தது. ஸ்ரீகுமாரி ரிசீவரை ஸ்டீரியோ பக்கம் நீட்டினாள். அதிலிருந்து வேலாயுதன் கத்தினான்.

"அடிச்சத்தமே கேக்கல்ல. தகர டப்பா மாதிரி இருக்கு. கூட்டச் சொல்லு!"

கனகதாஸ் கூட்டினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இப்பமும் இல்ல!"

இன்னும் கூட்டினான். அலமாரியிலிருந்து ஒரு தம்ளர் உருண்டு விழுந்தது. "அக்கா, போன் கம்பியில அடிச்சத்தம் போவாது" என்று கனகதாஸ் தலையில் அடித்துக்கொண்டான்.

அவள் எட்டி ஸ்டீரியோவை அணைத்தாள்.

"ஏன் நிப்பாட்டின? செரி, விடு. அடுத்ததா பெருசா ஒண்ணு அனுப்புதேன்."

"அப்ப நீங்க வரல்லியா?"

அவன் புதுப் பெட்டியின் விலையைச் சொல்லத் தொடங்கினான்.

"எனக்குப் பெட்டி வேண்டாம். நாலு வருஷமா இந்த வீட்டுல சாமானுக்கு இடம் பார்த்தே நான் செத்தேன். நீங்க வரணும். கையெழுத்துப் போட்டாச்சா?"

"இல்ல." என்றான். "வரப் பயமாட்டு இருக்கு ஸ்ரீ. அங்க வந்தா எனக்கு என்ன சோலி உண்டு? சாமான் அனுப்பத்தான் எனக்குத் தெரியும்."

இந்த மனுஷனுக்குப் பயம் என்று ஒன்று உண்டென்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"ஒரு சோலியும் வேண்டாம். வந்து சும்மா இருங்க."

"சும்மா இருந்தா நீ ஏசமாட்டியே?"

"ஏசுவேன்" என்றாள். "நீங்க வாங்க."