நின்ற குறட்டை

கண்புரை முற்றி, ஊசியில் நூல் கோர்க்கக்கூட மகளைக் கூப்பிடும் நிலைக்கு வந்துவிட்டாள் தையல்காரி. ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பிவிடும். ஆனால் பிரஷர் இறங்காமல் கத்தியைத் தொடமாட்டேன் என்று கண் டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மாத்திரையைக் கூட்டியும் அது இறங்குவேனா என்றது.

“மனசுல எதையோ போட்டுக் குழப்பிக்கிறீங்க,” என்றாள் நர்ஸ். “தினமும் கொஞ்ச நேரம் கண்ண மூடி உக்காருங்க. மூச்சு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் சும்மா கவனிங்க. வேற நினைப்பு வந்தா விரட்டாதீங்க, திரும்ப மூச்சுக்கு வந்துடுங்க. அவ்வளவுதான்.”

மதியச் சாப்பாடு முடிந்ததும் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, படுக்கையறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு போனது, வந்தது. சற்று நேரத்தில் கட்டில் பக்கமிருந்து குறட்டை கேட்டது.

செத்துப்போன புருஷனின் குறட்டை.

லாரி ஓட்டியவர், கனத்த உடம்பு. தூக்கத்தில் குறட்டை பாதியில் அறுந்து நின்றுவிடும். பக்கத்தில் படுத்திருப்பவளுக்கும் மூச்சு நின்றுவிடும். ஒரு செருமலோடு அது மறுபடி கிளம்பிய பிறகுதான் இவள் மூச்சு விடுவாள். கல்யாணமான நாள் முதல் இதே பிழைப்பு. போன வருஷம் ஒரு மதியத் தூக்கத்தில் அது ஒரேயடியாக நின்றபோது, இவள் அடுத்த அறையில் அவசரத் துணி ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தத்தில் எதுவும் காதில் விழவில்லை.

இப்போதும் குறட்டை பாதியில் நின்றது. காத்திருந்தாள். காது அடைத்தது. கண்ணைத் திறந்தால் வெறும் மெத்தை. மண்டை இடித்தது.

ஆனாலும் ஒரு நாள்கூட விடாமல் உட்கார்ந்தாள். அடுத்த தடவை பிரஷர் பார்த்த நர்ஸ் பட்டையைக் கழற்றிவிட்டு அவளை முறைத்தாள்.

“எல்லாருக்கும் இறங்குது, உங்களுக்கு மட்டும் ஏறுது. தியானம் பண்றீங்களா, யார்கூடவாவது மல்லுக்கட்டுறீங்களா?”

கூட வந்திருந்த மகளுக்குச் சந்தேகம் தட்டியது. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் சரியாகத்தான் போனது. பிறகு அம்மாவின் முகம் கருத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“அம்மா! மூச்சு விடும்மா!”

“உங்கப்பா விடட்டும், விடறேன்.”

என்ன சொன்னோம் என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மகள் கட்டிலைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“அந்த மனுஷன் இருந்தப்பவே நீ சொன்னதக் கேட்டதில்ல. இப்பதான் கேக்கப் போறாராக்கும்.” தோளை இன்னொரு தடவை உலுக்கினாள். “இப்படியே காத்துக்கிட்டு இரு. கண்ணு அவிஞ்சுதான் போகும்.”

“எனக்குக் கேக்குதுடி.”

“கேட்டா கேக்கட்டும். நீ உன் மூச்ச விடு.”

மறுநாள் தையல்காரி தனியாக உட்கார்ந்தாள். குறட்டை வந்தது, வழக்கமான இடத்தில் அறுந்தது. நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. மூச்சை விடுவது, ஆளை நடுரோட்டில் இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்புவது போலிருந்தது. விட்டாள். இழுத்தாள். மறுபடி விட்டாள். செருமல் இல்லை. குறட்டை திரும்பவில்லை. அவர் செத்துத்தான் போயிருந்தார்.

அப்புறம்தான் இன்னொன்று தெரிந்தது. அவள் மூச்சை விட்டு அடுத்ததை இழுப்பதற்குள் இருக்கும் சின்ன இடைவெளியில், கட்டில் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தார்கள். இவள் இழுத்ததும் அந்த இறுக்கம் தளர்ந்தது. வேண்டுமென்றே ஒரு தடவை தாமதித்துப் பார்த்தாள். ஆள் புரண்டு எழுவதுபோல மெத்தை ஸ்பிரிங் கிறீச்சிட்டது. அவசரமாக மூச்சை இழுத்துக்கொண்டாள்.

பிரஷர் இறங்கியது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள்.

“இப்பதான் ஒழுங்காப் பண்றீங்க,” என்றாள் நர்ஸ். “ஆபரேஷன் முடிஞ்சதும் நிறுத்திடாதீங்க.”

“நிறுத்த மாட்டேன்,” என்றாள் தையல்காரி. “நிறுத்தினா ஒருத்தர் பயந்துக்கிறாரு.”