முறிந்தால் மிச்சம்

செருப்புப் பட்டறையில் தோல் வெட்டுவது அண்ணன், தைப்பது தம்பி. இருபத்திரண்டு வருஷமாக வருகிறதில் ஆளுக்குப் பாதி. பெரிய கடை ஒன்று மாதம் ஆயிரம் ஜோடி கேட்டதும் தம்பிக்குப் பாதி உறுத்த ஆரம்பித்துவிட்டது. "முறைப்படி பிரிச்சுக்கலாம்ணே," என்றான்.

அண்ணனுக்கு அந்தப் பாதி வேண்டும். இரண்டு கண்ணிலும் புரை. பாதி வந்தால்தான் ஆபரேஷன். அந்த மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது.

பிரித்துக் கொடுக்க அண்ணனின் மாப்பிள்ளையையே கூப்பிட்டார்கள். கல்லூரியில் பேரம் பேசுவதைக் கணக்காகப் போட்டுப் பாடம் நடத்துகிறவர். சொந்த மாப்பிள்ளை, நம்மை விட்டுக்கொடுக்க மாட்டார் என்று அண்ணன் நிம்மதியாக உட்கார்ந்தார், பாவம்.

"பேச்சு முறிஞ்சா ஆளுக்கு என்ன மிச்சம்? அது அவங்கவங்களுக்கு. சேர்ந்து செய்றதால கூடுதலா வர்றதை மட்டும் சமமாப் பிரிக்கணும்," என்றார் மாப்பிள்ளை. "மாமா, சின்ன மாமா இல்லாட்டி உங்களுக்கு என்ன இருக்கு?"

அண்ணன் நெகிழ்ந்துவிட்டார். "என்ன மாப்ள கேள்வி இது? அவன் இல்லாட்டி நான் ஒண்ணுமே இல்ல!" என்று தம்பியின் தோளில் கை போட்டார். யார் கேட்டாலும் அவர் சொல்வது இதைத்தான்.

மாப்பிள்ளை அவருக்கு நேரே பூஜ்யம் போட்டார்.

தம்பி சட்டைப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை, நல்ல சம்பளம். கில்லாடி, எப்போது வாங்கி வைத்தானோ! பட்டறை வரவு பத்து என்றால் அந்தச் சம்பளமே ஆறு; மீதி நாலில் ஆளுக்கு ரெண்டு. கணக்கு முடிந்தபோது பத்தில் எட்டு தம்பிக்கு.

"ஐயோ, பாசத்துல சொன்னேன் மாப்ள!"

"சரி மாமா, மாத்திக்கலாம். உங்களை வேற யார் வேலைக்குக் கூப்பிட்டாங்க?"

புரை விழுந்த கண்ணோடு கத்தி பிடிக்கிறவனை எந்தப் பைத்தியக்காரன் கூப்பிடுவான்? கண் போனதால் பங்கு போச்சு, பங்கு போனதால் கண்ணும் போச்சு.

"கடன வாங்கியாவது கண்ணைச் சரிபண்ணிட்டு வரேன்டா. அப்புறம் போடுங்க பூஜ்யத்தை, பாக்கறேன்!"

தம்பி யோசித்தான். "கண்ணு சரியாயிட்டா இந்தக் கணக்கு மாறுமா மாப்ள?"

"மாறாம? நாலு இடத்துல கூப்பிடுவாங்க. மாமா பங்கு பாதிக்குக் கிட்ட வந்துடும்."

"அப்ப இந்தப் பங்கையே பத்து வருஷத்துக்குச் சேர்த்து இன்னைக்கே எழுதிடுங்க. அண்ணனுக்கு இஷ்டமில்லன்னா நாளைக்கே நான் அந்த வேலைக்குப் போறேன்."

அண்ணன் மாப்பிள்ளையைப் பார்த்தார். பெண்ணைக் கொடுத்த இடமாயிற்றே, ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா?

"பூஜ்யத்தை விட ரெண்டு பெருசுதானே மாமா," என்று மாப்பிள்ளை பேனாவை நீட்டினார்.