வளைத்தால் முறியக் கூடாது

நான் ஒன்று நினைத்தால் நினைத்ததுதான். பனி கொட்டும் இந்த ஊரின் வில்லரேப் பகுதியில், ஒரு வியட்நாம் சாப்பாட்டுக் கடையில் பன்னிரண்டு வருடம் கோப்பை கழுவியாயிற்று. இனி அடுப்படிதான் என்று முடிவெடுத்துவிட்டேன். சமையற்காரன் விலகிய அன்றே முதலாளி ஹானிடம் போய் நின்றேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவள், ஆனால் வாய் காரம்.

"சனிக்கிழமை சா கா செய்துகொண்டு வா. வளைத்தால் முறியக் கூடாது. முறிந்தால் வேறு ஆள் பார்ப்பேன்," என்றாள்.

சா கா என்பது அவள் பிறந்த குயிநோன் கடற்கரையின் மீன் அடை. அங்கே நூடில்ஸ் சூப்பில் போட்டுச் சாப்பிடுவார்களாம். மீன் வேறொன்றுமில்லை, நம்முடைய அறக்குளாதான், வஞ்சிரம் என்பார்களே, அது.

வியாழக்கிழமை செய்து பார்த்தேன். பழக்கதோஷம் விடுமா? மீனை அவித்து உதிர்த்து உருளைக்கிழங்கையும் பிசைந்துவிட்டேன். பென்சன் எடுத்த நாளிலிருந்து சோபாவைத் தேய்க்கும் என் மனிசன் தேவதாசன் ஒன்றை வாயில் போட்டார்.

"இது கட்லட்டடியப்பா! உனக்கேன் இந்த வீண்வேலை? கோப்பை கழுவுறது லேசான வேலைதானே, அதையே செய்யன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லேசான வேலையாம்!

வெள்ளிக்கிழமை பின்னேரம் பச்சை மீனைக் கரண்டியால் சுரண்டி, உள்ளிப்பூண்டும் மிளகும் மீன் சோஸும் சேர்த்துச் சின்ன உரலில் இடித்தேன். பசை பிடிக்கவேயில்லை. மீன் குளிர்ந்திருக்க வேண்டும் என்று ஹான் பழைய சமையற்காரனிடம் கத்துவது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எங்கள் வீட்டு ஹீட்டரோ குறைக்க முடியாத சனியன். எனக்கே வியர்த்து வழிந்தது.

விடுவேனா? ஜாக்கெட்டை மாட்டி, உரலைத் தூக்கிக்கொண்டு வெளிப் படிக்கட்டில் போய் இருந்தேன். மைனஸ் பதினெட்டு.

"உனக்கென்ன விசரே? சனம் பாக்குது, உள்ளுக்கு வா!" என்று மனிசன் கதவிடுக்கால் கத்தினார்.

"பாக்கட்டும்! கதவைச் சாத்துங்கோ!"

விரல் விறைக்க விறைக்க இடித்தேன். கடைசியில் மீன் முழுவதும் உலக்கையோடு ஒட்டிக்கொண்டு எழும்பியது. தனியே இருந்து சிரித்தேன். அன்றைக்கே தட்டி அவித்தும் வைத்தேன்.

சனிக்கிழமை ஹான் ஒரு துண்டை வெட்டி எடுத்தாள். இரண்டு முனையும் முட்டும்வரை வளைத்தாள். முறியவில்லை. விட்டதும் நிமிர்ந்தது. பிறகுதான் கடித்தாள்.

"அடுப்பு உன்னுடையது," என்றாள். "ஆனால் இனிக் கோப்பை கழுவ ஆளுக்கு நான் எங்கே போவேன்?"

"யோசிக்காதே," என்றேன். "அது லேசான வேலை என்று சொன்ன ஒருவர் எங்கள் வீட்டில் சும்மா இருக்கிறார்."