மூடியின் மேல் ஓர் ஊர்

ஒரகடத்தில் எழிலரசி வேலை பார்த்த உதிரிபாகத் தொழிற்சாலை, ரஷ்யாவிலிருந்து ஒரு பெரிய பிரஸ் மெஷினை வாங்கியது. அதைப் பொருத்த வந்த அலெக்ஸேய்க்கு ஆங்கிலம் நாலு வார்த்தைக்கு மேல் வராது. சென்னையில் ரஷ்ய மொழி படித்துவிட்டுப் பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்திருந்த எழிலரசியின் நினைவு அப்போதுதான் எல்லோருக்கும் வந்தது.

"நீ அவர் கூடவே இரும்மா. அவரு இன்னா சொல்றாரு, ஏன் தலைய ஆட்றாருன்னு ஒண்ணும் பிரியல" என்றார் சூப்பர்வைசர் நரசிம்மன்.

எழிலரசி ரஷ்யாவைப் பார்த்ததில்லை. அங்கே மேல்படிப்புக்கு இடம் கிடைத்த வருஷம் அப்பா படுத்த படுக்கையானார். அவர் போன பிறகு அம்மாவைத் தனியே விட மனமில்லை. குன்றத்தூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் காதில் ரஷ்ய வானொலி கேட்டுக்கொண்டு வருவதோடு சரி.

ஒரு நாள் மதியம் அலெக்ஸேய் அவள் மேசைக்கு வந்தவர், பேச வந்ததை மறந்து நின்றுவிட்டார். மொழி வகுப்பில் பரிசாகக் கிடைத்த ஒரு சின்னப் பெட்டி அங்கே இருந்தது. காகிதக் கூழால் செய்து, கறுப்பு அரக்கு பூசிப் பளபளப்பாக்கியது. ஹேர்பின்னும் சேஃப்டி பின்னும் போட்டு வைத்திருந்தாள். மூடியில் கையால் வரைந்த நகரம். மஞ்சள் நிறத்தில் உயர்ந்த கோபுரம், வெள்ளைத் தூண்கள் வைத்த கடை வரிசை, கோபுரத்துக்குப் பின்னால் ஒரு தெரு, அதற்கும் அப்பால் ஆறு.

"இது கொஸ்த்ரமா. என் ஊர்" என்றார் அவர். "இந்தக் கோபுரத்தில் நின்றுதான் அந்தக் காலத்தில் ஊரில் எங்கே தீப்பிடிக்கிறதென்று பார்ப்பார்கள்."

உடனே அம்மாவுக்குப் போன் போட்டார். படம் அனுப்பிப் பயனில்லை, அம்மா நீனாவுக்குக் கண் பார்வை போய் இரண்டு வருஷம் ஆகிறது என்று சொல்லி, போனை எழிலரசியிடம் நீட்டினார்.

"நீயே சொல்லு பெண்ணே, என்ன இருக்கிறது?" என்றது கனத்த குரல்.

அவள் தெரிந்ததைச் சொன்னாள். தூண்களின் நிறம், கூரை மேல் பனி, ஆற்றில் ஒரு படகு. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"கோபுரத்துக்குப் பின்னால் தெரு போகிறதா? அதில் மூன்றாவது வீடு. நீலக் கதவு. நான் பிறந்த வீடு அது. இடித்துவிட்டார்கள். கதவு தெரிகிறதா?"

எழிலரசி பெட்டியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மூன்றாவது வீடு இருந்தது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மரம் நின்றது. அலெக்ஸேய் எதிரே நின்று, ஆமாம் என்று சொல்லும்படி தலையை ஆட்டினார். சொல்லிவிடலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. வயதானவள், எங்கோ இருப்பவள், சந்தோஷப்பட்டுப் போகட்டும். ஆனால் அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருப்பவளிடம் பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"இல்லை. கதவே வரையவில்லை. அங்கே ஒரு மரம் இருக்கிறது."

அலெக்ஸேய் கண்ணை மூடிக்கொண்டார்.

"மரமா? அங்கே மரமே கிடையாது" என்றாள் நீனா. பிறகு சிரித்தாள். "வரைந்தவன் சோம்பேறி. கதவு வரையச் சலித்துப்போய் மரத்தை நட்டு மறைத்துவிட்டான்."

எழிலரசிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கண் போனதிலிருந்து நான் எதைக் கேட்டாலும் எல்லோரும் ஆமாம் என்கிறார்கள். பக்கத்தில் நிற்கிறானே, அவனும்தான். உன் நம்பரை வாங்கிக்கொள்ளட்டுமா?"

அலெக்ஸேயின் காது சிவந்திருந்தது. போனை வாங்கிக்கொண்டு வெளியே போய் வெகுநேரம் அம்மாவுடன் பேசினார். திரும்பி வந்தவர் மெஷினைப் பற்றி எதுவும் கேட்காமல், "நன்றி" என்று மட்டும் சொன்னார்.

மெஷின் ஓட ஆரம்பித்ததும் அவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார். நீனா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தவறாமல் கூப்பிட்டாள். எழிலரசியின் ரஷ்ய உச்சரிப்பை அதட்டித் திருத்தினாள். ஒரு ஞாயிறு, "என் ஊர் போதும், உன் ஊரைச் சொல்லு" என்றாள்.

எழிலரசி போனோடு மொட்டை மாடிக்கு ஏறினாள். எதிரே பச்சை வலை போர்த்திய புது அடுக்குமாடி, அதன் இடுக்கில் குன்றின் மேல் முருகன் கோயில், கீழே தெருவை அடைத்து நின்ற கம்பெனி பஸ். ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அழகாக இருக்கிறதா?"

"காலையில் இல்லை. இப்போது வெயில் இறங்கிவிட்டது, கொஞ்சம் அழகாக இருக்கிறது."

கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மா கங்கம்மாள் திரும்பினாள். "யாருடி, அந்த ரஷ்யாக்காரம்மாவா? இன்னா கேக்குறாங்க?"

"நம்ம தெரு எப்படி இருக்குன்னு கேக்குறாங்கம்மா."

"கரண்டு கம்பி நம்ம தல மேலயே தொங்கினு கீதே, அதச் சொன்னியா?"

எழிலரசி அதையும் சொன்னாள்.